இரண்டு ஜன்னல்களுக்கு இடையிலான தூரம்

என் மேசையில் ஃபெட்-2 என்ற பழைய சோவியத் காமிரா ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் இரண்டு சிறு கண்ணாடி ஜன்னல்கள். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தால், ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 67 மில்லிமீட்டர். உலகமே கொண்டாடும் லைக்கா எம்3 காமிராவில் இதே தூரம் 68.5 மில்லிமீட்டர். அளவில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நல்ல நிலையில் உள்ள எம்3 பாடி மட்டுமே லட்ச ரூபாயைத் தொடும். ஃபெட்-2 லென்ஸோடு சேர்த்தே அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும்.

ஃபிலிமில் படமெடுக்கும் ஆசை இப்போது பலருக்கு மறுபடி துளிர்த்திருக்கிறது. “லென்ஸ் மாற்றக்கூடிய ரேஞ்ச்ஃபைண்டர் வேண்டும், கையைக் கடிக்கவும் கூடாது, எதை வாங்கலாம்?” என்று கேட்பவர்களுக்கு நான் பிராண்டின் பெயரை முதலில் சொல்வதில்லை. அந்த இரண்டு ஜன்னல்களைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

எஸ்எல்ஆர் காமிராவில் நாம் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும். பட்டனை அமுக்கியதும் மேலே எழும்பி ஃபிலிமுக்கு வழிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே கிடையாது. லென்ஸ் அதன் வேலையைப் பார்க்கும், நம் கண் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும். அப்படியானால் ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

முக்கோணக் கணக்கால்தான். கண்ணுக்கு நேரான ஜன்னலில் நுழையும் ஒளி, பாதி ஒளியை மட்டும் ஊடுருவ விடும் மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி ஒன்றைக் கடந்து வருகிறது. மற்ற ஜன்னலில் நுழையும் ஒளி அங்கே திரும்பி, காமிராவின் நெற்றிக்குள் குறுக்கே ஓடி, அதே அரைப்பூச்சுக் கண்ணாடியில் பட்டு நம் கண்ணை அடைகிறது. ஆக, காட்சியின் நடுவே ஒரு சின்ன மஞ்சள் கட்டத்துக்குள் எதிரே நிற்பவரின் மூக்குக் கண்ணாடி இரண்டாகத் தெரியும். லென்ஸை மெல்லத் திருகினால் ஒரு பிம்பம் நகர்ந்து மற்றதை நோக்கி வரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கோடு சட்டென்று கூர்மையாகும் கணம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஃபோகஸ். முதல் தடவை அதைப் பார்த்தவர்கள் காமிராவைத் திருப்பிக் கொடுக்கச் சற்று நேரமாகும்.

இரண்டு ஜன்னல்களும் முக்கோணத்தின் அடிப்பக்கம்; எதிரே உள்ள பொருள் அதன் உச்சி. அடிப்பக்கம் நீளமாக இருந்தால் கோணத்தின் மாற்றம் பெரிதாகத் தெரியும், தூரத்தைத் துல்லியமாக அளக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பலில் இருந்த தொலைவுமானியின் அடித்தூரம் 15 மீட்டர். கடலுக்கு அப்பால் இருக்கும் கப்பலைக் குறிவைக்க அவ்வளவு தேவைப்பட்டது. அதைச் செய்துகொடுத்தது நிப்பான் கோகாகு. பிற்காலத்தில் நிக்கான் என்று நாம் அறிந்த அதே நிறுவனம்தான். நம் கைக்காமிராவில் இருப்பது அந்தக் கருவியின் விரல் நீளப் பிரதி.

ஆனால் ஸ்கேலால் அளந்த தூரம் முழுக் கதையல்ல. வியூஃபைண்டர் காட்சியை எவ்வளவு சிறிதாக்கிக் காட்டுகிறது என்பதும் சேரும். அடித்தூரத்தை அந்தப் பெருக்க அளவால் பெருக்க வேண்டும். எம்3-இன் பெருக்கம் 0.91, எனவே அதன் பயன்படும் அடித்தூரம் சுமார் 62 மி.மீ. ஃபெட்-2-இல் முக்கால் அளவுதான் தெரியும் என்பதால் 67 என்பது 50 ஆகிறது. கேனன் பி-யில் 41 மி.மீ.தான் அடித்தூரம், ஆனால் காட்சி உள்ளது உள்ளபடியே தெரியும்; எனவே 41 அப்படியே நிற்கும். கேனன் 7-இல் 59-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 47. 2000-இல் வந்த ஃபோய்க்ட்லெண்டர் பெஸ்ஸா ஆர் என்ற காமிராவில் 37-ஐ 0.68-ஆல் பெருக்கினால் வெறும் 25.

இந்த 25 போதுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாங்குவதால்தான் பணம் வீணாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல கண் பிரித்தறியும் கோணம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 5 மீட்டர் தள்ளி நிற்கும் சுவரில் ஒன்றரை மில்லிமீட்டர் விலகலைக் காணும் திறன் அது. எதிரே 2 மீட்டர் தொலைவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெஸ்ஸாவின் 25 மி.மீ.யில் நாம் செய்யக்கூடிய பிழை முன்னும் பின்னும் ஏறக்குறைய 4.7 சென்டிமீட்டர். கேனன் பி-யில் 2.8 செ.மீ. ஃபெட்-2-இல் 2.3 செ.மீ. எம்3-இல் 1.9 செ.மீ.

இனி லென்ஸ் எவ்வளவு பிழையை மன்னிக்கும் என்று பார்க்க வேண்டும். அதே 2 மீட்டரில், எஃப் 2 துளையில், 35 மி.மீ. லென்ஸ் முன்னும் பின்னும் ஏறத்தாழ 20 செ.மீ. வரை பொறுத்துக்கொள்ளும். 50 மி.மீ. லென்ஸ் 10 செ.மீ. வரை. 90 மி.மீ. லென்ஸோ 3 செ.மீ.தான். இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 35-உம் 50-உம் பயன்படுத்துகிறவருக்குப் பெஸ்ஸாவின் குட்டை அடித்தூரமே தாராளம். 90 எஃப் 2 லென்ஸில் முகங்களை எடுக்க விரும்புகிறவருக்கு அதே பெஸ்ஸா கண்ணிமையில் குறிவைத்துக் காதில் ஃபோகஸ் விழும் காமிரா.

அதனால் என் முதல் அறிவுரை இதுதான்: பாடியைத் தேடுமுன் லென்ஸை முடிவு செய்யுங்கள். தெருவும் வீடும் மனிதர்களும்தான் உங்கள் படங்கள் என்றால், 35 அல்லது 50-இல் நின்றுகொள்வீர்கள். அதற்கு எம்3-இன் துல்லியத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

லென்ஸை மாற்றலாம் என்பதில் ஒரு பொறியியல் அதிசயம் ஒளிந்திருக்கிறது. லென்ஸ் எவ்வளவு முன்னே நகர்ந்தது என்பதைப் பாடிக்குள் இருக்கும் முக்கோணக் கருவிக்கு யாராவது சொல்லவேண்டும். லென்ஸின் பின்புறத்தில் ஒரு பித்தளை வளையம் இருக்கும். பாடிக்குள்ளிருந்து நீளும் சிறு கை ஒன்று அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். லென்ஸைத் திருகினால் வளையம் கையை நகர்த்தும். கை ரேஞ்ச்ஃபைண்டரின் பிம்பத்தை நகர்த்தும். சிக்கல் எங்கே என்றால், 1 மீட்டரில் உள்ள பொருளுக்கு 50 மி.மீ. லென்ஸ் சுமார் 3 மி.மீ. முன்னே வரவேண்டும்; 35 மி.மீ. லென்ஸ் 1.3 மி.மீ. மட்டும் வந்தால் போதும், 90 மி.மீ. லென்ஸோ 10 மி.மீ. வரவேண்டும். ஆனால் பாடிக்குத் தெரிந்த மொழி ஒன்றே ஒன்று, 50 மி.மீ. லென்ஸின் மொழி. எனவே 90 மி.மீ. லென்ஸ் தன் 10 மி.மீ. நகர்வை உள்ளே சரிவான வளையம் ஒன்றால் 3 மி.மீ. ஆக்கிச் சொல்கிறது, 35 தன் 1.3-ஐ 3 ஆகப் பெரிதாக்கிச் சொல்கிறது. ஒவ்வொரு லென்ஸும் தன்னோடு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவருகிறது.

இங்கேதான் சோவியத் லென்ஸ்களைப் பற்றிய நெடுநாள் புகாருக்கு விடை இருக்கிறது. லைக்காவின் மொழிக்கு அடிப்படை 51.6 மி.மீ. ஜூப்பிட்டர் வகை சோவியத் லென்ஸ்கள் ஜெர்மனியின் கான்டாக்ஸிலிருந்து வந்தவை. அவற்றின் அடிப்படை 52.4 மி.மீ. அற்ப வித்தியாசம்போலத்தான் தோன்றும். ஆனால் 1 மீட்டரில் அது லென்ஸின் நகர்வில் 0.1 மி.மீ. பிழையாகிறது. எஃப் 2 துளையில் ஃபிலிம் பொறுத்துக்கொள்வது 0.06 மி.மீ.தான். எனவே ஜூப்பிட்டர்-8-ஐ கேனனிலோ பெஸ்ஸாவிலோ பூட்டி, முழுத் துளையில், கைக்கெட்டும் தூரத்தில் ஒருவரைப் படமெடுத்தால் கண் மங்கும். துளையை எஃப் 4-க்குக் குறைத்தாலோ, 3 மீட்டர் தள்ளி நின்றாலோ பிழை மறைந்துவிடும். அதே லென்ஸை ஃபெட்டிலோ, ஜோர்க்கி என்ற இன்னொரு சோவியத் காமிராவிலோ பூட்டினால் இந்தச் சிக்கலே இல்லை. லென்ஸும் கெடவில்லை, காமிராவும் கெடவில்லை. ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துவைத்தால் போதும்.

லென்ஸைப் பாடியில் பொருத்தும் பூட்டுவாயைப் பற்றி இரண்டு வார்த்தை. பட்ஜெட்டில் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது 39 மி.மீ. திருகு வாய். 1930-களில் லைக்கா கொண்டுவந்து, பின்னர் ஜப்பானும் சோவியத் நாடும் எடுத்தாண்ட வாய் இது. ஃபெட், ஜோர்க்கி, கேனன், பெஸ்ஸா ஆர் எல்லாம் இதுவே. திருகு வாயில் லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து ஃபிலிமுக்கு 28.8 மி.மீ.; 1954-இல் எம்3-ஓடு வந்த எம் வாயில் 27.8 மி.மீ. சரியாக 1 மி.மீ. வித்தியாசம். அந்த இடைவெளியில் மெல்லிய அடாப்டர் வளையம் ஒன்றை வைத்தால் எந்தத் திருகு லென்ஸும் எம் பாடியில் உட்காரும், ரேஞ்ச்ஃபைண்டரும் வேலை செய்யும். இன்று மலிவாகத் தொடங்கி நாளை லைக்காவுக்குப் போனாலும் லென்ஸ் வீணாகாது. தலைகீழாக, எம் லென்ஸைத் திருகுப் பாடியில் பூட்ட முடியாது.

எந்தப் பாடி என்று இனிப் பேசலாம்.

மிகக் குறைந்த விலைக்கு ஃபெட்-2. இதன் பிறப்பிடம் உக்ரைனின் கார்கிவ் நகரம். ஆதரவற்ற சிறுவர்களுக்காக அன்டன் மகாரெங்கோ நடத்திய கம்யூனில், அந்தப் பிள்ளைகளின் கைகளே 1934-இல் லைக்கா II-ஐப் பார்த்து ஃபெட் காமிராக்களைத் தொடர்ச்சியாகச் செய்யத் தொடங்கின. கம்யூனுக்குச் சூட்டியிருந்த ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்துகள்தான் ஃபெட். ஒரு சீர்திருத்தப் பள்ளி உலகின் மிக நுட்பமான காமிராவைப் படியெடுத்துக் காட்டியது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஃபெட்-2 அதன் அடுத்த தலைமுறை, 1955-இல் வந்தது. பின்மூடி முழுவதும் கழன்று வருவதால் ஃபிலிம் போடுவது சுலபம். அடுத்து வந்த ஃபெட்-3-இல் மெதுவான ஷட்டர் வேகங்களைச் சேர்த்தார்கள், ஆனால் அடித்தூரத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் ஃபெட் என்றால் எனக்கு இரண்டாம் எண்.

ஃபெட்டின் குறை, வியூஃபைண்டரில் 50 மி.மீ. லென்ஸுக்கான காட்சி மட்டுமே தெரியும். 35 பூட்டினால் தலைமேல் தனி வியூஃபைண்டர் ஒன்றைச் செருக வேண்டும். ஃபோகஸுக்கு ஒரு ஜன்னல், சட்டகத்துக்கு வேறொரு ஜன்னல் என்று கண் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே 50-ஓடு காலம் தள்ளுபவர்களுக்கு இது பொருட்டல்ல. லென்ஸை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்குத் தொல்லை.

ஜோர்க்கி-4-இன் காட்சி ஃபெட்டைவிடப் பெரியது, அடித்தூரம் 38 மி.மீ. அதில் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருகினால் உள்ளிருக்கும் பொறி பழுதாகும். சந்தைக்கு வரும் கெட்டுப்போன ஜோர்க்கிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த விதிதான்.

கீவ் காமிரா தனி ரகம். போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து இழப்பீடாகக் கொண்டுவந்த கான்டாக்ஸ் அச்சுகளால் கீவ் நகரின் ஆர்செனல் தொழிற்சாலையில் செய்தது. அடித்தூரம் 90 மி.மீ., நான் சொன்ன எல்லாக் காமிராக்களையும் விட நீளம். ஆனால் அதன் வாய் வேறு. அதற்கென்றே செய்த லென்ஸ்கள்தான் பொருந்தும். ஷட்டர் பித்தளைப் பட்டைகளும் துணி நாடாக்களும் சேர்ந்த சிக்கலான பொறி. பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் அரிது. காதலித்து வாங்கலாம், முதல் காமிராவாக வாங்க வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் பணம் சேர்க்க முடிந்தால் கேனன் பி. 1950-களின் இறுதியில் வந்த இந்த பி-யில் 35, 50, 100 மி.மீ. சட்டகக் கோடுகள் மூன்றும் காட்சிக்குள்ளேயே தெரியும். ஃபோகஸ் அருகே வரவர அவை தாமே நகர்ந்து கோணப் பிழையைச் சரிசெய்யும். காட்சி உண்மை அளவிலேயே தெரிவதால் இரண்டு கண்ணையும் திறந்தே படமெடுக்கலாம். வெறுங்கண்ணால் பார்க்கும் உலகத்தின்மேல் ஒரு வெள்ளைச் சட்டகம் மிதக்கும். 35-இன் கோடுகள் மட்டும் காட்சியின் ஓரத்தை ஒட்டியிருக்கும்; மூக்குக் கண்ணாடி அணிந்தவர்கள் கண்ணை உருட்டித்தான் பார்க்க வேண்டும். ஷட்டர் திரை உலோகத் தகடு. அதில் சுருக்கம் விழுந்திருந்தால் பதறவேண்டாம், பெரும்பாலும் வேலையை அது கெடுப்பதில்லை. 1961-இல் வந்த கேனன் 7-இல் அடித்தூரம் அதிகம், 135 மி.மீ. வரை சட்டகங்கள் உண்டு. உள்ளேயுள்ள செலினியம் ஒளிமானி இன்று உயிரோடிருந்தால் அதிர்ஷ்டம். தனி வியூஃபைண்டர் செருக அதில் இடம் இல்லை என்பதால் 28 மி.மீ. பிரியர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஒளிமானி உள்ளேயே வேண்டும் என்பவர்களுக்குப் பெஸ்ஸா ஆர். ஜப்பானின் கோசினா நிறுவனம் செய்தது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அளக்கும். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். நான் சொன்னவற்றில் வயதில் இளையது. 35-க்கும் 50-க்கும் இதைவிடச் சுகமான மலிவுப் பாடி எனக்குத் தெரியாது.

எல்லாம் சரி, கண்ணாடி இல்லாத காமிராவில் என்ன லாபம் என்று கேட்கலாம். படமெடுக்கும் கணத்தில் காட்சி இருண்டுபோவதில்லை. உள்ளே எதுவும் எழும்பி விழாததால் அதிர்வு குறைவு. 1/15 விநாடியில்கூடக் கையில் பிடித்து எடுக்கலாம். சட்டகத்துக்கு வெளியே நடப்பதும் தெரிவதால், ஒருவர் காட்சிக்குள் நுழையப் போவதை முன்கூட்டியே காணலாம். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாள் முழுக்க லைக்காவோடு வாழ்ந்ததற்குக் காரணம் இந்தக் குணங்கள்தாம்.

கண்ணாடி இல்லாததில் ஒரு கெடுதலும் உண்டு. நான் முதலில் வாங்கிய பழைய ரேஞ்ச்ஃபைண்டரில் எடுத்த ரோலைக் கழுவிப் பிரதி போட்டபோது, ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். திருவிழாக் கூட்டத்தின் நடுவே, பாட்டியின் முகத்தின்மேல், கோயில் சுவரில், எங்கும் அதே மூன்று. யாரோ ஒரு காலத்தில் அந்தக் காமிராவைச் சூரியனைப் பார்த்தபடி வைத்திருக்கிறார்கள். தடுக்கக் கண்ணாடி இல்லாததால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகி, ரப்பர் பூசிய துணித் திரையைச் சுட்டு ஓட்டை போட்டுவிட்டது. அந்த ரோலில் இருந்த பாட்டியின் படத்தை என்னால் மறுபடி எடுக்க முடியவில்லை.

ஆகவே வாங்குமுன் லென்ஸைக் கழற்றி, இருட்டறையில், முன்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்துப் பின்பக்கம் பாருங்கள். நட்சத்திரம்போல ஒரு புள்ளி தெரிந்தாலும் திரைக்கு வேலை இருக்கிறது. அடுத்து ரேஞ்ச்ஃபைண்டர். லென்ஸை முடிவிலிக்குத் திருகி நிலவைப் பாருங்கள். ஒரே நிலவு தெரிய வேண்டும். இரண்டு தெரிந்தால் பக்கவாட்டில் விலகியிருக்கிறதா, மேலும் கீழுமாகவா என்று கவனியுங்கள். இரண்டையும் திருத்தத் தனித்தனித் திருகுகள் இருக்கும். பிறகு ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து 1 மீட்டரை டேப்பால் அளந்து ஒரு செய்தித்தாளை ஒட்டுங்கள். தலைப்பு எழுத்துகள் ஒன்றாகப் பொருந்தும்போது லென்ஸின் அளவுகோலும் 1 என்று காட்ட வேண்டும். நிலவில் சரியாக இருந்து செய்தித்தாளில் தவறினால் நிபுணரிடம்தான் போக வேண்டும். நடு மஞ்சள் கட்டம் வெளிறிப்போய் இரண்டாவது பிம்பமே தெரியவில்லை என்றால் அரைப்பூச்சு போய்விட்டது என்று பொருள்; அந்தக் காமிராவை விட்டுவிடுங்கள். லென்ஸையும் டார்ச் ஒளியில் பாருங்கள். திருகு வாய் கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்களில் உள்ளே மூடுபனிபோல் படலம் இருப்பது அடிக்கடி காணும் குறை. தொடக்கத்திலேயே துடைத்தால் சில நேரம் போகும்; கண்ணாடியையே அரித்திருந்தால் போகாது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸோடு கற்றுக்கொள்ள ஃபெட்-2-உம் ஜூப்பிட்டர்-8-உம். இரண்டு மூன்று லென்ஸ்களோடு நெடுநாள் வாழ கேனன் பி. ஒளிமானியும் புதுமையும் வேண்டுவோர்க்குப் பெஸ்ஸா ஆர். எதை வாங்கினாலும் விலையில் பாதியளவாவது சர்வீஸுக்கென்று தனியே எடுத்துவையுங்கள். அறுபது வயதான பொறிக்கு எண்ணெய் காய்ந்திருக்கும். அதைத் துடைத்துப் புதிதாக இட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட காமிரா என்று உங்களுக்குத் தெரியும். மொட்டைமாடியில் காமிராவைக் கீழே வைக்கும்போது லென்ஸ் மூடியைப் போட மறக்காதீர்கள்.